விற்க மாட்டோம் என்றொரு வரி

எங்கள் வீட்டில் சண்டைக்கு இரண்டே காரணங்கள்தான் இருந்தன. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவது என் கணவரின் குற்றம். கம்ப்யூட்டரில் பிரவுசரை மாற்ற மாட்டேன் என்று பிடித்த பிடிவாதம் என் குற்றம். துண்டு விஷயத்தில் நான் தோற்று வெகுகாலம் ஆகிவிட்டது. பிரவுசர் விஷயத்தில் தோற்கக் கூடாது என்று இருந்தேன்.

இணையத்துக்குள் போகிற வாசல்தான் பிரவுசர். போனிலும் கம்ப்யூட்டரிலும் ஏற்கெனவே எது இருக்கிறதோ அதன் வழியாகவே பெரும்பாலோர் போய்விட்டு வருகிறார்கள். அந்த வாசலைக் கட்டிக் கொடுத்த கம்பெனி விளம்பரத்தில் பிழைக்கிற கம்பெனி. நாம் எங்கே போகிறோம், எதைத் தேடுகிறோம், எதன்முன் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறோம் என்பதெல்லாம் அதற்குச் சரக்கு. நான் வைத்திருந்தது வேறு. லாபம் பார்க்காத ஒரு கூட்டம் எழுதி, வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தது. அதன் முகப்புப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. உங்களைப் பற்றிய விவரங்களை விற்க மாட்டோம், ஒருநாளும். அந்த வரியின் தமிழ் என்னுடையது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். கத்திக் கத்தித் தொண்டை போனதும் வேலையை விட்டேன். கை சும்மா இருக்காதே. அந்தப் பிரவுசரைத் தமிழில் கொண்டுவர ஆட்கள் தேவை என்று பார்த்துச் சேர்ந்தேன். திற, மூடு, சேமி, மறந்துவிடு என்று ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் வைத்தோம். காசு கிடையாது. என் கணவர் பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஷிப்ட் முடித்து வந்து, சம்பளமில்லாத உத்தியோகம் எப்படிப் போகிறது என்று விசாரிப்பார். கேலிதான், ஆனால் கூடவே காபியும் போட்டுக் கொடுப்பார். விற்க மாட்டோம் என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் பல நாள் யோசித்தேன். ஆங்கிலத்தில் அது வக்கீல் பேசுவதுபோல இருந்தது. தமிழில் அப்படி இருக்கக் கூடாது, ஒரு மனுஷர் இன்னொரு மனுஷருக்கு வாக்குக் கொடுப்பதுபோல இருக்க வேண்டும் என்று அடுப்படியில் நின்று சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

கொள்கைக்கு விலை உண்டு. அதையும் சொல்ல வேண்டும். பேங்க் பக்கம் என் பிரவுசரில் பாதிதான் திறக்கும். வீட்டு வரி கட்டப் போனால், வேறு பிரவுசரில் முயலவும் என்று சிவப்பெழுத்தில் வரும். ஒருமுறை இவருடைய நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்னைக்கு ரயில் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தோம். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, நின்றபோது டிக்கெட் தீர்ந்திருந்தது. முன்பதிவில்லாத பெட்டியில் போனவர் விழுப்புரம் தாண்டி எனக்குப் போன் செய்தார். "உன் கொள்கை வீட்டுல சௌக்கியமா உக்காந்திருக்கு. நான் நின்னுக்கிட்டுப் போறேன்." நான் சிரித்தேன். தோற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்தாள்.

எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். கணவர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மாமியார், கொழுந்தனார், அவர் மனைவி, தன் ஒரே மகள் என்று எல்லாரும் ஒரே வீட்டில். மகள் என்னிடம் படித்தவள், அதனால் தாய்க்கும் நான் டீச்சர்தான். கடையில் அவளுக்கு லீவு புதன்கிழமை. ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமலே விஷயத்தைச் சொன்னாள்.

மறுமணம் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறாள். அதற்கென்று இருக்கும் ஒரு இணையப் பக்கத்தைத் தன் போனில் ஒரே ஒரு நாள் திறந்து பார்த்திருக்கிறாள். அதே போனில்தான் மகள் பாடமும் பார்ப்பாள். மறுநாள் கணக்குப் பாட வீடியோவுக்கு நடுவில் வந்து நின்றது விளம்பரம், உங்களுக்கேற்ற துணை காத்திருக்கிறார் என்று. அடுத்த நாளும் வந்தது. போனுக்குக் கல்யாண ஆசை வந்துவிட்டது என்று மகள் சிரித்தாளாம். இவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

"பொண்ணுகிட்ட நானேதான் சொல்லணும் டீச்சர். பத்தாம் கிளாஸ் பரிச்சை முடியட்டும்னு இருக்கேன். மத்தவங்க என்ன வேணா நினைக்கட்டும். அவ மட்டும் வேற யாரு வாயிலயும் இதைக் கேட்டுறக் கூடாது."

அவள் கேட்டது அவ்வளவுதான். வரன் கிடைப்பதுகூட அப்புறம். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. என் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, இனி இங்கே வந்து பார் என்றேன். இது கோள் சொல்லாத பிரவுசர் என்றேன். முகப்பில் இருந்த வரியைக் காட்டி, இதை எழுதியதே நான்தான் என்று பெருமையும் அடித்துக்கொண்டேன். அவள் விரலை வைத்து அந்த வரியைப் படித்தாள். முகம் தெளிந்தது.

அதன்பின் புதன்கிழமை மத்தியானங்கள் அவளுடையவை. வந்ததும், பார்த்தது எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத தனி ஜன்னல் ஒன்றைத் திறந்து கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அவள் போனதும் மூடிவிடுவேன். சுவடே இருக்காது. சில மாதம் கழித்து, உப்பிலியபுரம் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒருவரைப் பற்றிச் சொன்னாள். அவரும் மனைவியை இழந்தவர். போட்டோவில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மரவள்ளித் தோட்டத்தில் நின்றார். இரண்டு மூன்று முறை எழுதிக்கொண்டார்கள். மழை பெய்ததா என்று இவள் கேட்டாள், பெய்தது என்று அவர் எழுதினார். அதற்கே அன்று அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

அந்த வருஷம் ஒருநாள், மொழிபெயர்க்க வேண்டிய புதிய வரிகள் வந்திருக்கின்றனவா என்று பார்க்க உட்கார்ந்தேன். வந்திருந்தன. என்னுடைய வரியை நீக்கியிருந்தார்கள். அதற்குப் பதிலாக நீளமாக ஒன்று இருந்தது. உங்கள் அந்தரங்கத்தை மதிக்கிறோம், தேவைப்படும் இடங்களில் எங்கள் கூட்டாளிகளோடு சில விவரங்களைப் பகிரக்கூடும் என்ற ரீதியில் போனது. அதைத் தமிழில் எழுதித் தர வேண்டும். என்னிடமே கேட்டார்கள்.

திரும்பத் திரும்பப் படித்தேன். மதிக்கிறோம் என்று யார் நம்மிடம் சொல்வார்கள்? மதிக்கிறவர்கள் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. பெரிய கம்பெனி வேவு பார்க்கும்போது எனக்குக் கோபம் வந்ததே தவிர வலித்ததில்லை, ஏனென்றால் அதை நான் நம்பவே இல்லை. இவர்களை நம்பினேன். இவர்கள் பெயரில் நான் ஊருக்கு வாக்குக் கொடுத்தேன், என் தமிழில், என் வாயால். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று அடுத்தவர் வீட்டு விஷயத்துக்குச் சொல்லிப் பழகிய வாய், நம் தோட்டத்தில் மேய்ந்தபோது அடைத்துப் போயிற்று.

அந்தப் பிரவுசர் கூட்டத்தின் பொறுப்பாளர்களுக்கு எழுதிக் கேட்டேன். பண்பாகப் பதில் வந்தது. நடைமுறையில் எதுவும் மாறவில்லை, வார்த்தைகள்தான் மாறியிருக்கின்றன, சட்டச் சிக்கல் வராமல் இருக்க இப்படி என்று. எதுவும் மாறவில்லையென்றால் அந்த வரியை ஏன் எடுத்தீர்கள் என்று திரும்ப எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. இத்தனை வருஷம் சும்மா உழைத்ததற்கு அழவில்லை, அந்த மௌனத்துக்கு அழுதேன்.

இவர் அன்றைக்குக் கேலி செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "விடும்மா. எரியுற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? எல்லாம் ஒண்ணுதான்னு ஆயிருச்சு. நமக்கு வசதியா இருக்கறதையாவது வச்சுக்குவோம்."

என்னமோ செய்யுங்கள் என்று எழுந்து போய்விட்டேன். அன்று சாயங்காலமே செய்தார். பெரிய கம்பெனியின் பிரவுசரைப் போட்டு, தன் மெயில் ஐடியைக் கொடுத்தார். அவர் போனில் இருந்த பாஸ்வேர்டுகள் எல்லாம் தானாக வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டன. பேங்க் பக்கம் முழுசாகத் திறந்தது. வரி கட்டியாகிவிட்டது. ரயில் டிக்கெட் பக்கம் வட்டம் சுற்றவே இல்லை. அது தந்த சுகத்தைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். இத்தனை வருஷம் நமக்கு நாமே இழுத்துக்கொண்ட கஷ்டமா இது என்றுகூடத் தோன்றியது. என்னுடைய பழைய பிரவுசரை அழிக்காமல் ஒரு மூலையில் தள்ளி வைத்தேன். அவளுக்கு மட்டும், புதன்கிழமைகளில், அதில்தான் தனி ஜன்னல் திறந்து கொடுப்பேன். வாக்கு போனாலும் தனி ஜன்னல் அதன் வேலையைச் செய்யும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் அப்படிப் போயிற்று. மூன்றாவது புதன்கிழமை உறையூரில் என் சின்னம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகப் போன் வந்தது. அவசரமாகக் கிளம்பிப் போனேன். இவர் அன்று லீவில் வீட்டில் இருந்தார். வழக்கமான நேரத்துக்கு அவள் வந்திருக்கிறாள். டீச்சர் இல்லையே, அப்புறம் வருகிறேன் என்று திரும்பியவளை, வந்தது வந்தீர்கள், வேலையை முடித்துக்கொண்டு போங்கள் என்று இவர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். புதிதாகப் போட்டிருப்பதைத் திறந்து கொடுத்து, இது வேகமாக இருக்கும் என்றாராம். பிறகு வாசல் கதவை அகலத் திறந்து வைத்து, பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசக் கூடாது என்ற ஜாக்கிரதை. அத்தனை இங்கிதம் தெரிந்த மனுஷர்.

வாரா வாரம் நான் தனி ஜன்னல் என்ற ஒரு பூட்டைப் போட்டுத்தான் கொடுத்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றாலே பூட்டியதுதான் என்று நினைத்திருந்தாள். அதை நான் விளக்கிச் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை. தேடியது, படித்தது, உப்பிலியபுரத்துக்காரருக்கு எழுதிய பக்கம் என்று எல்லாவற்றின் சுவடும், இவர் கொடுத்திருந்த மெயில் ஐடி வழியாக, அந்த மத்தியானமே இவர் போனுக்குப் போய்ச் சேர்ந்தது.

இவர் வேவு பார்க்கவில்லை. மறுநாள் மதுரைக்கு ரயில் நேரம் பார்க்கலாம் என்று போனில் ம என்று முதல் எழுத்தைத் தட்டியிருக்கிறார். மறுமணம், பெண் குழந்தை உள்ளவர், திருச்சி என்று போன் தானே எடுத்துக் கொடுத்திருக்கிறது. ஒரு கணம் என்னைச் சந்தேகப்பட்டாராம், அதைப் பிற்பாடு அவரே சொன்னார். அப்புறம் முந்தின நாள் யார் வந்தது என்பது நினைவுக்கு வந்து புரிந்துகொண்டார். சந்தோஷப்பட்டார். ஏனென்றால் அவருடைய ஷிப்டிலேயே ஒருவர் இருக்கிறார், மனைவி இறந்து தனியாகப் பொன்மலை குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறவர், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் வரன் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்துவிட்டால், தெரிந்த வரனைச் சொல்லாமல் இருப்பது பாவம். சொல்வதையும் அந்த வீட்டு ஆம்பிளையிடம்தான் சொல்வார்கள், நேராகப் பெண்ணிடம் சொல்வது மரியாதை இல்லை. இவர் முறை தெரிந்தவர். ராஜகோபுரம் பக்கத்து டீக்கடையில் அவள் கொழுந்தனாரைப் பார்த்திருக்கிறார். தானே டீ வாங்கிக் கொடுத்து, உங்கள் அண்ணிக்கு இடம் பார்க்கிறீர்களாமே, என் கையில் ஒரு நல்ல இடம் இருக்கிறது என்று ஆரம்பித்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல சேதியாகக் கொண்டுவந்து என்னை அசத்தலாம் என்று இருந்தாராம்.

கொழுந்தனார் டீயைக் குடித்து முடித்து, யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார். வீட்டிலும் சத்தம் போடவில்லை. ராத்திரி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, வெளியே தேடுவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி, பிள்ளைக்கும் தெரிய வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். போனில் வந்த விளம்பரமெல்லாம் அவளுக்கு அந்த இடத்தில் விளங்கியிருக்கும், கெட்டிக்காரப் பெண். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு போனவள் அன்றிலிருந்து பாட்டி அறையில் படுக்க ஆரம்பித்தாள். பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

மறுநாள் காலையில் கடைக்குப் போகிற வழியில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வா என்றேன். செருப்பைக் கழற்றவில்லை.

"நீங்க யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா டீச்சர்?"

"சத்தியமா இல்லம்மா."

"அப்ப கம்ப்யூட்டர் சொல்லுச்சா?"

நான் திரும்பிப் பார்த்தேன். மேஜைமேல் அது அணைந்து கிடந்தது. அதற்கு முன்னால் இவர் தலை குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அவர் நிமிரவே இல்லை. எனக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்று வீட்டில் நடந்தது துண்டுச் சண்டை போன்றதல்ல. நல்லதைத்தானே செய்தேன் என்றார் இவர். வீட்டுக்குத் தெரியாமலா வரன் தேடுவார்கள் என்று நினைத்தேன் என்றார். அப்புறம் கடைசியாக ஒன்று கேட்டார், அந்த அம்மா என்ன தப்புப் பண்ணினார்கள் மறைப்பதற்கு என்று. தப்புப் பண்ணியவர்கள்தான் மறைக்க வேண்டுமா என்று கேட்டேன். குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்கிறோமே, என்ன தப்புப் பண்ணிவிட்டோம்? இவர் மனசு கேட்காமல் கொழுந்தனாரிடம் போய், தப்பாகக் காதில் விழுந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டே, பரவாயில்லைங்க, இப்பவாவது தெரிந்ததே என்றாராம்.

என் ஆத்திரம் யார்மேல் போக வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. வாக்குக் கொடுத்தவர்கள் வாக்கை எடுத்துக்கொண்டார்கள். வசதி கொடுத்தவர்கள், கொடுத்த கையோடு எங்கள் வீட்டுக்குள் நடந்ததை இன்னொரு போனில் கொண்டுபோய் வைத்தார்கள். தாலி கட்டியவர் முறைப்படி ஒரு நல்ல காரியம் செய்தார். ஒருத்தரையும் கெட்டவர் என்று காட்டிக் கொடுக்க முடியாத துரோகம் இது. அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

பெரிய கம்பெனியின் பிரவுசரை அன்றே அழித்தேன். இவர் தடுக்கவில்லை. திரும்ப என் பழையதிலேயே உட்கார்ந்திருக்கிறேன், நம்பி அல்ல. பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோமே, அந்த மாதிரி. மொழிபெயர்ப்பை விட்டுவிட்டேன். அந்தப் புது வரியை யாரோ தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், படிக்கும்போது எங்கேயும் உறுத்தாது. பேங்க் பக்கம் மறுபடியும் பாதிதான் திறக்கிறது. இவர் போனில் வேலையை முடித்துக்கொள்கிறார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பரீட்சையெல்லாம் முடிந்து, முடிவும் வந்தபின், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அவளாக வந்து பேசவில்லை, ஆனால் விலகியும் போகவில்லை. மகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் மார்க் வாங்கியிருந்தாள். இப்போது அம்மா சாப்பிட்டாயா என்று கேட்டால் ம் என்பதோடு சரியாம். உப்பிலியபுரத்துக்காரருக்கு, வேண்டாம் என்று இவளே எழுதிவிட்டாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. கையில் பிளாஸ்டிக் கவர் ஒன்று வைத்திருந்தாள். மகளுக்குப் பாலிடெக்னிக்கில் சேர அப்ளிகேஷன் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பிரவுசிங் சென்டரிலிருந்து வருவதாகச் சொன்னாள்.

எனக்குத் தாங்கவில்லை. அங்கெல்லாம் ஏன் போகிறாய் என்று ஆரம்பித்தேன். பின்னாலேயே நாலு பேர் நிற்பார்கள், பாஸ்வேர்டு எல்லாம் அதிலேயே தங்கிவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்றேன். நம் வீட்டில் இப்போது பழையபடி எல்லாவற்றையும் சரி பண்ணிவிட்டேன், உனக்கென்றே தனியாக வைத்துத் தருகிறேன், அவர் கை படாது என்றேன். பள்ளிக்கூடத்தில் போன தொண்டை அன்றைக்கு எப்படித்தான் அத்தனை பேசியதோ.

அவள் முழுசையும் பொறுமையாகக் கேட்டாள். கவரை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"அங்க யாருக்கும் எம்மேல அக்கறை இல்ல டீச்சர். அதுதான் எனக்கு வசதியா இருக்கு."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஸ்ரீரங்கம் போகிற பஸ் வந்து நின்றது. இரண்டு பேருக்கும் அதே பஸ்தான், அதே ஸ்டாப்பிங்தான். போயிட்டு வரேன் டீச்சர் என்று அவள் ஏறிக்கொண்டாள். நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன்.